ஏலத்துக்குப் போன அரிசி டிரம்

போனை எடுக்காத என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு வழியில்லை. உன் நலத்தைத்தான் உன் அப்பா தினமும் போனில் கேட்டு எனக்கு ஒலிபரப்புகிறாரே! பத்து நாளாக நீ அவரோடு மட்டும் பேசுகிறாய். நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்துபோகிறது. சரி ராசா, எடுக்காவிட்டால் போ. நம் சபையின் மாத இதழில் ஒரு பக்கம் கொடுங்கள் என்று கேட்டேன். நடந்ததை எழுதுவதாக இருந்தால் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போதகர் ஐயா சொல்லிவிட்டார். வில்லாபுரம், பழங்காநத்தம் என்று வீட்டுக்கு வீடு படிக்கட்டும். யாராவது ஒரு மாமா இதைப் போட்டோ பிடித்துப் பெங்களூருக்கு உன் வாட்ஸ்அப்பில் தட்டிவிடாமலா இருப்பார்? எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் கையெழுத்து தாறுமாறாகப் போகிறது. அச்சுக் கோக்கிறவர் பாடுதான் திண்டாட்டம்.

சண்டை எதற்கு என்று படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? ஜனவரியில் உனக்கும் எஸ்தருக்கும் கல்யாணம். எஸ்தரின் அப்பா சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். பெண் வீட்டில் ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கேட்கக் கூடாது என்று முதலில் சொன்னவள் நான்தான். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஆனால் என் மருமகளுக்கு நான் போடுவேன், அது என் இஷ்டம் என்றும் சொன்னேன். முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்து, நகைச் சீட்டு கட்டிக் கட்டிச் சேர்த்தது. ஆரமும் நெக்லஸும் வளையலுமாக அவளை ஆலயத்தில் நிறுத்தி, யார் வீட்டு மருமகள் என்று ஊர் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அன்றைக்கு நீ போனில் சொன்னாய்: “அம்மா, நீங்க அம்புட்டும் போட்டா அவங்கப்பா சும்மா இருப்பாரா? ஈடு கட்ட கொடிக்கால விக்கப்போறாரும்மா. ஆளு வந்து பாத்துட்டுப் போயாச்சு.” நான் விடுவேனா? “நான் கேட்டனாடா? அவரு மகளுக்கு அவரு செய்றாரு. எனக்கென்ன?” என்றேன். “எனக்கென்னவா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். அதோடு வைத்துவிட்டாய்.

நானும் வீம்பாகத்தான் இருந்தேன். மறுநாளே பாலிஷ் போட வேண்டும் என்று பேங்க் லாக்கரிலிருந்து நகை அத்தனையையும் எடுத்து வந்தேன். நான் வந்த நேரம், கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். பீரோவை நகர்த்தி வராந்தாவில் வைத்துவிட்டார்கள். நகையை எங்கே வைப்பது? நம் ஊர்ப் பெண்களுக்கு எப்போதும் கைகொடுக்கிற லாக்கர் அரிசிப் பாத்திரம்தான். பழைய வெள்ளைத் துணியில் முடிந்து, அடுப்படியில் இருந்த எவர்சில்வர் டிரம்மில் முழங்கை வரை விட்டுப் புதைத்தேன். உன் அப்பாவிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால், “அந்த அரிசி டிரம்ம மட்டும் பாத்து நகத்துங்கண்ணே” என்று பெயின்டரிடமே அக்கறையாகச் சொல்லி வைத்திருப்பார். அவரை உனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. இந்த இதழை வாங்கிப் படிக்கிற அக்கம்பக்கத்தாருக்காக ஒரு வார்த்தை. விளைந்ததிலும் சம்பாதித்ததிலும் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்போம். பூசணிக்காய், கரும்பு, கோழி, ஆடு, கேக், எல்லாம் வரும். போதகர் அதன்மேல் ஜெபம் பண்ணுவார். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரே ஒரு எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். வருகிற பணம் சபையின் வைத்திய நிதிக்கு. பிறகு எல்லோருக்கும் அசனம், கறிக்குழம்போடு பந்தி. இரண்டாம் வகுப்பில் நீ வளர்த்த சேவலை நீயாகவே தூக்கிக்கொண்டு வந்து படைத்தாயே, நினைவிருக்கிறதா? பந்தல் போடுகிற ஜெயசீலன் அண்ணன் அதை ஏலம் கேட்டதும் நீ தரையில் விழுந்து புரண்டாய். உன் அப்பா அவரோடு போட்டி போட்டு, நாலு சேவல் விலைக்கு அந்த ஒரு சேவலை மீட்டார். அதை அடுத்த வாரமே பூனை கொண்டுபோனது. ஆனால் ஜெயசீலன் அண்ணனுக்கும் உன் அப்பாவுக்கும் அன்றைக்குப் பிடித்த ஏலப் போட்டி விடவில்லை. இவர் எதைக் கேட்டாலும் அவர் ஒரு படி ஏற்றுவார். அண்ணனுக்கு அது வருடத்துக்கு ஒரு திருவிழா.

நான் பீடத்தை அலங்கரிக்கிற குழுவில் இருப்பதால் விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போய்விட்டேன். நாங்கள் வருடா வருடம் கொடுக்கிற அரிசி மூட்டையைக் கடைக்காரர் அனுப்பவில்லை. உன் அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துப் பக்தி பொங்கியது. வெறுங்கையோடு போவதா என்று அடுப்படி டிரம்மைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். முதல் பாட்டுக்கு எழுந்து நிற்கிறேன். பூசணிக்காய்களுக்கு நடுவில் என் பெயர் வெட்டிய டிரம் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது! பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. உலக ஆஸ்தி நிலைக்காது என்பதுதான் அன்றைய பிரசங்கம் என்று பிறகு உன் அப்பா சொல்லித்தான் தெரியும்.

ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் ஆண்கள் பக்கம் பாய்ந்தேன்.

“என்னங்க, அந்த டிரம்ம ஏன் கொண்டாந்தீங்க?”

“நல்ல பொன்னி அரிசிதான? அதுக்கென்ன?”

“உள்ள நகை இருக்கு.”

“எந்த நகை?”

“எல்லா நகையும்!”

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “வா, ஏலம் விடுற செயலாளர்ட்ட சொல்லிருவோம்” என்று நடக்கப் போனார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். ஏன் தெரியுமா? அதற்கு முந்தின வாரம்தான் வைத்திய நிதிக்கு வசூல் பண்ண வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கிறது, கையில் ஒன்றும் இல்லை என்று காபி கொடுத்து அனுப்பியிருந்தேன். வந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தப் பந்தலில் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் அந்த அரிசிக்குள்ளிருந்து என் ஆரத்தை எடுப்பதா? அதுவும் ஜெபம் பண்ணிப் படைத்த பொருளில் கையை விட்டா? “வாயத் தொறக்காதீங்க. ஏலத்துல எடுத்துருங்க” என்றேன். அரிசி டிரம்தானே, யார் போட்டிக்கு வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஜெயசீலன் அண்ணனை அந்த அவசரத்தில் மறந்தேபோனேன்.

செயலாளர் டிரம்மைத் தூக்கி மேஜைமேல் வைத்து வாயைத் திறக்குமுன் உன் அப்பா “ஐயாயிரம்!” என்று கத்தினார். பந்தலே சிரித்தது. ஜெயசீலன் அண்ணன் பின்னாலிருந்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “என்ன மாப்ள, அரிசிக்குள்ள முத்து கிடக்கா, பவளம் கிடக்கா? ஏழாயிரம்!” உன் அப்பா ஏற்ற, அவர் ஏற்ற, சனங்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார்கள். உன் அப்பா ஏலம் கேட்டது எந்தப் பணத்தை வைத்து என்று நினைக்கிறாய்? உன் கல்யாணப் பந்தலுக்கு ஜெயசீலன் அண்ணனிடம் அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சட்டைப்பையில் வைத்திருந்த பணம்! பந்தல்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசில் பந்தல்காரரோடு போட்டி. அது தீர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏறுங்கள், ஏறுங்கள் என்று சைகை காட்டுகிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். கையில் இல்லாததை ஆண்டவர் சந்நிதியில் வாயால் சொல்ல மாட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அப்போதே ஏலம் விட்டிருப்பேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! டிரம் ஜெயசீலன் அண்ணனுக்கு. அவர் இரண்டு கையையும் உயர்த்தி, “அசனத்துக்கு அரிசி பத்தலைன்னாங்க. அப்படியே கொண்டுபோய் உலைல கொட்டுங்கப்பா!” என்றார்.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமையல் கொட்டகைக்கு ஓடினேன். நான் போவதற்குள் டிரம் கவிழ்ந்து கிடக்கிறது. “அரிசி எங்கண்ணே?” என்றேன். “உலைல போட்டாச்சுக்கா” என்றார் சமையல்காரர். அண்டாவில் தளதளவென்று கொதிக்கிறது. முப்பது வருட உழைப்பு உள்ளே வேகிறது என்று நினைத்துக்கொண்டு நிற்கிறேன். நிறுத்துங்கள், அண்டாவைக் கவிழுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தால் பந்தியில் இலை போட்டாகிவிட்டது. பிள்ளைகள் தண்ணீர் தெளித்து இலையைத் துடைக்கிறார்கள். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு வயசாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை பேர் சோற்றை என் வளையலுக்காகக் கொட்டச் சொல்வதா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலையிலிருந்து நான் விடாமல் ஜெபம் பண்ணியிருக்கிறேன். அப்படி ஒரு உருக்கமான ஜெபம் என் ஆயுளில் பண்ணியதில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூட ஆண்டவரைப் பார்த்து இல்லை. எல்லாம் டிரம்மைப் பார்த்து. எனக்கு வெட்கமாகிவிட்டது. “போனா போகட்டும்ப்பா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சமையல்காரர் அண்டாவிலிருந்து போகிற ஆவியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “ஆமாக்கா, சூடு பலமா அடிக்குது, தள்ளி நில்லுங்க” என்றார்.

மகனே, இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாகத் துடிக்கிறேன். அந்த நிமிடத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது! நீ போனை வைத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து மூன்றாம் முறையும் சோறு கேட்டு வாங்கினேன். பரிமாறுகிறவர் கரண்டியில் வளையல் வந்தால் வரட்டும், யார் இலையில் விழுகிறதோ அவர்கள் அதிர்ஷ்டம் என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பயந்து, தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வசூலுக்கு வந்த பெண்களைக் கூப்பிட்டு, பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவ்வளவு லேசாக இருந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் பெரிய பக்தை ஆகியிருப்பேன். ஆண்டவர் விடவில்லை. பந்தி முடிந்து குப்பை அள்ளும்போது ஜெயசீலன் அண்ணன் ஒரு வெள்ளை முடிச்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். சமையல்காரர் அரிசியைக் கொட்டும்போது அது வந்திருக்கிறது. வண்டு வராமல் இருக்க அரிசியில் வேப்பிலை முடிந்து போடுவார்களே, அதுவென்று நினைத்து வெங்காயத் தோல் குவியலில் வீசியிருக்கிறார். அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லை. “தங்கச்சி, வேப்பிலைக்குப் பதிலா என்னத்தம்மா கட்டி வச்சிருந்தீங்க? சொல்லியிருந்தா நான் போட்டிக்கு வந்திருப்பனா?” என்று என் கையில் வைத்தார். உடனே வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வதுதானே? “நாங்க டிரம்மோட படைச்சது. நீங்க ஏலத்துல எடுத்தது. இது எங்களுது இல்லண்ணே” என்று நீட்டினேன். உன் அப்பா என்னைப் பேய் பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அண்ணன் பின்னால் ஓர் எட்டு வைத்தார். “நான் அரிசியத்தான் எடுத்தேன். எனக்கு எதுக்கு இந்தப் பாவம்?” காலையில் அவ்வளவு அடித்துக்கொண்டு ஏலம் கேட்டவர்கள், சாயங்காலம் உங்களுடையது, உங்களுடையது என்று தள்ளிவிட்டுக்கொண்டு நிற்கிறோம். கடைசியில் போதகர் ஐயாவிடம் போனோம். அவர் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தெரியாமக் குடுத்தது காணிக்கை இல்லம்மா. வீட்டுக்குக் கொண்டுபோங்க. தெரிஞ்சு என்ன செய்யணும்னு தோணுதோ அதச் செய்ங்க.”

கொண்டுபோனேன். அன்றிரவு கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். மறுநாள் பெயின்டர்கள் வந்தார்கள். முந்தின வாரம் வரை அவர்களுக்கு டீயும் வடையும் கொடுத்து, பிள்ளைகள் படிப்பெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு ஒருவர் தண்ணீர் கேட்டு அடுப்படிப் பக்கம் வந்ததற்கு, “அங்கயே நில்லுங்க, கொண்டாரேன்” என்று வள்ளென்று விழுந்தேன். அவர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். என் நகை எனக்குத் திரும்பி வந்ததும் முதலில் போனது அந்த மனிதருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை. அசனப் பந்தியில் மூன்றாம் முறை சோறு வாங்கித் தின்றவளும் காணாமல் போயிருந்தாள். ராசா, பணம் காசு சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. உன் படிப்புக்கும் அப்பா ஆபரேஷனுக்கும் அந்த நகைதான் அடகுக் கடைக்குப் போய்ப் போய் வந்தது. அதற்கு நான் நன்றி மறக்கவில்லை. வந்து நின்று, உதவி செய்துவிட்டு, போகிற பொருள் அது. போகிறதைப் பிடித்து வைத்து, அதற்குக் காவல் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் சந்தேகப்படுவதற்கா ஆண்டவர் எனக்கு ஆயுசு கொடுத்தார்? நீயும் ரொம்பத் துள்ளாதே. நகை வேண்டாம் என்கிற உத்தமன் வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறாய். அதிலும் என் அழைப்பை எடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு எஸ்தரின் அப்பாவுக்குப் போன் போட்டேன். இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்ல சேதிதானே, எழுதுங்கள் என்றார்.

“சம்பந்தி, கொடிக்கால விக்கிறீங்களாமே?”

தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்: “நம்ம பிள்ளைக்குத்தானம்மா. நாளைக்கு அட்வான்ஸ் வாங்குறேன். நீங்க இம்புட்டு செய்யும்போது நான் கைய வீசிட்டு வந்தா நல்லாருக்குமா?”

“நான் என்னத்தச் செய்றேன்? எங்கிட்ட நகையே இல்ல சம்பந்தி.”

மடியில் அவ்வளவையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன்! என் வாய் முந்திக்கொண்டது. மனசு பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டது. “நெசமாத்தான் சொல்றேன். ஒரு தாலி, ஒரு சேல. எஸ்தர் அதோட வந்தாப் போதும். அட்வான்ஸ் வாங்காதீங்க” என்றேன்.

அவர் யாரையோ மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பிறகு, “நெசமாவாம்மா?” என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கென்ன என்று நான் உன்னிடம் கேட்டேனே, அந்த மனிதருடைய வயிற்றெரிச்சலில் என் ஆரத்தை மினுக்கப் பார்த்தேனே என்று நினைத்தேன். அவரே தேறிக்கொண்டு சொன்னார்: “அப்பக் கல்யாணத்துக்கு வெத்தல வெளிய வாங்காதீங்க சம்பந்தியம்மா. நம்ம தோட்டத்துல கிள்ளிக்கிருவோம்.”

அன்று சாயங்காலமே, தெரிந்து, எண்ணமிட்டு, தாலி செய்ய உருக்குவதற்கு ஒரு மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை வைத்திய நிதிக்குக் கொடுத்துவிட்டேன். முழு உண்மையும் சொல்கிறேன். ஒரு ஜோடிக் கம்மலை எஸ்தருக்கென்று ஒளித்து வைத்திருக்கிறேன். அதற்கு நீ திட்டினாலும் எனக்குக் கவலையில்லை. எங்கே என்று உன் அப்பாவுக்குத் தெரியாது. அரிசியில் இல்லை. தண்ணீர் கேட்ட பெயின்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைவிட அதிகமாகச் சங்கடப்பட்டு, அடுப்படிக்கு ஒரு கோட்டிங் கூடுதலாக அடித்துக் கொடுத்தார். ஜெயசீலன் அண்ணன் பந்தலுக்கு அட்வான்ஸே வேண்டாம், அடுத்த வருடமும் உன் அப்பா ஏலத்துக்கு வந்தால் போதும் என்கிறார். டிரம்மைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இப்போது அதில் அரிசி மட்டும்தான் இருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மருமகள் கழுத்தைப் பார்த்து என்ன சொல்வார்களோ தெரியாது. வெற்றிலை மட்டும் நல்ல இளசாக இருக்கும். எனக்கென்ன என்று கேட்டேன் அல்லவா? எனக்குத்தான் எல்லாம், ராசா. அந்தத் தோட்டமும், அந்தப் பெண்ணும், நீயும். இந்த இதழ் வெளிவருகிற ஞாயிறு சாயங்காலம் உன்னைக் கூப்பிடுவேன். ஒரு தரம் அடிக்கும், ரெண்டு தரம் அடிக்கும். மூணாவது தரத்துக்குள் எடுத்துவிடு.

உன் அம்மா